ஆச்சிக்கு உடம்பு முன்ன மாதிரி இல்லை: முதியோர் இல்லத்தில் மறுமதிப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டில் இரண்டே பேர் இருப்பது புதிதல்ல. அதில் ஒருவர் காலமானதும் மற்றவரைத் தனியாக விட மனசில்லாமல் முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ நியூஜெர்சியிலோ இருப்பார்கள். சேர்க்கிற அன்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதிக்கொள்கிறோம்: என்ன சாப்பிடுவார், தானே குளிப்பாரா, என்னென்ன மாத்திரை. சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒன்றரை வருஷத்தில் அவர் உடம்பு எங்கோ போயிருக்கும். ஃபைலில் மட்டும் சேர்ந்த அன்று இருந்தபடியே இருப்பார்.

நான் இந்தப் பக்கத்து இல்லங்களில் இருபது வருஷத்துக்கு மேலாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். குடும்பத்தார் போனிலும் நேரிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

மறுமதிப்பீடு என்றால் என்ன? மாதா மாதம் டாக்டர் வந்து பார்க்கிறாரே, அது போதாதா?

போதாது. மாத விசிட்டில் டாக்டர் பிரஷர் பார்ப்பார், சுகர் ரிப்போர்ட் பார்ப்பார், சீட்டில் மாத்திரையைத் தொடரச் சொல்வார். ஒருவருக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் அதிகம். மறுமதிப்பீடு என்பது அந்த மனிதரை முதல் நாள் பார்த்த மாதிரி மறுபடி முழுசாகப் பார்ப்பது. நடை, சாப்பாடு, தூக்கம், ஞாபகம், தோல், மலஜலம், வலி, மனநிலை, மாத்திரை எல்லாம் அதில் வரும். பார்த்துவிட்டு, பழைய பராமரிப்புத் திட்டத்தில் எது இனி பொருந்தாது என்று அடித்துத் திருத்துவது. திருத்தம் வரவில்லை என்றால் செய்தது வெறும் செக்கப்தான்.

எப்போது செய்ய வேண்டும்? கொஞ்சம் தளர்ந்தாலே செய்ய வேண்டுமா?

எல்லாத் தளர்ச்சிக்கும் வேண்டாம். இரண்டு நாள் சளி, ஒரு நாள் வயிற்றுப்போக்கு, பேரன் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் சாப்பிடாமல் படுத்திருப்பது, இவை தானே சரியாகிவிடும். கவனித்தால் போதும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. மாறுதல் தானாகச் சரியாகிற வகை அல்ல என்று தோன்ற வேண்டும். ஒரு விஷயத்தோடு நிற்காமல் இரண்டு மூன்றைத் தொட வேண்டும். இப்போது செய்துகொண்டிருக்கும் பராமரிப்பு அதற்குப் போதாமல் போக வேண்டும். உதாரணமாக, கைத்தடியோடு தானே சாமி அறைக்குப் போய்வந்தவர் இப்போது ஆள் பிடித்தால்தான் எழுந்திருக்கிறார், கூடவே இரவில் படுக்கையில் சிறுநீர் போகிறது. அங்கே நடை ஒன்று, சிறுநீர் ஒன்று, இரண்டு இடத்தில் இறக்கம். உடனே உட்கார்ந்து பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் சில நாள் தினமும் எழுதிவைத்துப் பார்க்கலாம், ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டவிடக் கூடாது.

ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். பக்கத்துக் கட்டில் ஆச்சி 90 வயதில் ஓடியாடுகிறார் என்பதோ, எதிர்க் கட்டில் ஐயா 75 வயதில் படுத்த படுக்கை என்பதோ நமக்கு உதவாது. இதே ஆச்சி போன மாதம் எப்படி இருந்தார் என்பதுதான் அளவு. அதற்காகத்தான் நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று இல்லத்தில் சொல்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்றுக்கொள்ளாதீர்கள். வயது வருஷக்கணக்கில் மெல்ல இறக்கும். ஒரு வாரத்தில் ஒருவர் இறங்கினால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் சரிசெய்யக்கூடியவை என்பது என் அனுபவம்.

என் கையெழுத்திலேயே நடந்த தவறைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இல்லத்தில் 81 வயது ஆச்சி ஒருவர் இருந்தார். விடியும் முன்பே எழுந்து, போர்வையை நான்காக மடித்து, திருநீறு பூசிக்கொண்டு காபிக்குக் காத்திருப்பார். ஒரு வாரம் பகலிலும் தூங்க ஆரம்பித்தார். டம்ளர் கையில் நிற்கவில்லை, காபி சேலையில் கொட்டியது. நாள் பதிவேட்டில் நான் எழுதினேன்: "ஆச்சி அசதியாக இருக்கிறார்." மறுநாளும் அதையே எழுதினேன். மூன்றாம் நாளும் அதே வரி. எப்போதிலிருந்து, ஏன் என்று நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் பாத்ரூம் வாசலில் விழுந்தார். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 118. குறைந்தது 135 இருக்க வேண்டும். மூன்று வாரம் முன்னால் பிரஷருக்கென்று புதிதாகச் சேர்த்த மாத்திரையில் தியாசைட் வகை நீர் மாத்திரை இருந்தது, அது உப்பை இறக்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆஸ்பத்திரியில் சோடியத்தை மெதுவாக ஏற்றி, பத்து நாளில் பழையபடி அனுப்பினார்கள். வந்த மறுநாள் காலையில் போர்வை நான்காக மடிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரே வரியை இரண்டு நாள் தொடர்ந்து எழுத என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளை நான் விடுவதில்லை. இரண்டாம் நாளும் அதே வரி வந்தால், அடுத்த வரி ஒரு கேள்வியாக இருக்க வேண்டும்.

அப்பச்சி திடீரென்று குழம்பிப் பேசுகிறார். மறதி நோய் வந்துவிட்டதா?

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வருவது. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று "மலாயாக் கடையைப் பூட்டியாச்சா?" என்று கேட்டால் அது பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடம்பில் எங்கோ உள்ள கோளாறு மூளையில் காட்டும் குழப்பம். காலையில் தெளிவு, சாயங்காலம் குழப்பம் என்று ஏறி இறங்கும். கவனம் நிற்காது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கிக் கிழமைகளைச் சொல்லச் சொன்னால் பாதியில் தொலைத்துவிடுவார். கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் சுருண்டு தூங்கும் வகைதான் கண்ணில் படாமல் போகிறது.

காரணம் தேடும்போது எளியதிலிருந்து தொடங்குங்கள். மலம் போய் எத்தனை நாளாகிறது? சிறுநீர் அடைத்து அடிவயிறு உப்பியிருக்கிறதா? தண்ணீர் குடித்தாரா? சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலுக்கு வயதானவர்கள் காய்ந்துபோகிறார்கள், தாகம் அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தது? மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை, தூக்க மாத்திரை இரண்டுமே குழப்பத்தைக் கொண்டுவரும். சுகர் இறங்கியிருக்கிறதா? காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா, கண்ணாடி யாருடைய மேசையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

சிறுநீர்த் தொற்று காரணமாக இருக்கலாம். ஆனால் எல்லாக் குழப்பத்துக்கும் யூரின் டெஸ்ட் எடுத்து, அதில் கிருமி தெரிந்ததும் ஆன்டிபயாடிக் கொடுத்து முடிப்பது சரியல்ல. இல்லங்களில் இருக்கும் வயதானவர்களில், முக்கியமாகப் பெண்களில், தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். அதோடு நிறுத்திவிட்டால் உண்மைக் காரணம் தப்பிவிடும்.

நிமோனியா வந்தாலும் வயதானவர்களுக்குக் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் நுரையீரலைச் சந்தேகப்பட வேண்டும். காய்ச்சலையும் அவருடைய வழக்கமான சூட்டோடுதான் ஒப்பிட வேண்டும். எப்போதும் 97 டிகிரி இருப்பவருக்கு 99 கொஞ்சம் அதிகம்தான்.

மறுமதிப்பீட்டில் என்னென்ன பார்ப்பீர்கள்?

முதலில் அன்றாட வேலைகள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது, மலஜலக் கட்டுப்பாடு போன்ற 10 விஷயங்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் தரும் பார்தெல் அளவுகோல் ஒன்று இருக்கிறது, 1965லிருந்து புழக்கத்தில் உள்ளது. போன தடவை 85, இந்தத் தடவை 60 என்று எழுதிவிட்டால் பிறகு யாரும் "கொஞ்சம் தளர்ச்சிதான்" என்று மழுப்ப முடியாது. ஒரு திருத்தம் மட்டும் நான் எப்போதும் சொல்வேன். "முடியுமா" என்று அவரிடம் கேட்டு எழுதாதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள். நம் ஊர் ஆச்சிகள் யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார்கள்.

அப்புறம் தோல். படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணிக்க பிரேடன் அளவுகோல் உண்டு. 6 முதல் 23 வரை மதிப்பெண், 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து. எண் என்னவாக இருந்தாலும் இடுப்புக்குக் கீழே, குதிகால், இடுப்பெலும்பு மூட்டு ஆகிய இடங்களை விளக்கைப் போட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடோ கல் மாதிரி இறுக்கமோ தெரியும்.

பிரஷரைப் படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் ஒவ்வொரு தடவை பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் விழுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. உடம்பு இளைத்தவர்களுக்குப் பழைய பிரஷர் மாத்திரை அதிகமாகிவிடும். சுகர் மாத்திரையும் அப்படித்தான். சாப்பாடு பாதியாகக் குறைந்தபின் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றைப் பழைய அளவிலேயே கொடுத்தால் சுகர் 70க்குக் கீழே போய் விடியற்காலையில் வேர்த்துக் கிடப்பார். மாத்திரைகளைக் குறைப்பது டாக்டர் வேலை. ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியது நாம்.

எடைதான் எனக்கு மிக முக்கியம். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, 6 மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அது பெரிய இறக்கம். 48 கிலோ இருப்பவருக்கு ஒரே மாதத்தில் 2.4 கிலோ. பார்க்கச் சிறிய எண், அதனால்தான் தப்பிவிடுகிறது.

ஒரு நாள் காலை பிரஷர் பார்க்க ஓர் ஆச்சியின் கையைத் தூக்கினேன். மணிக்கட்டில் இருந்த தங்க வளையல் சரசரவென்று முழங்கை வரை இறங்கியது. சேர்ந்த புதிதில் ஸ்கேன் எடுப்பதற்காக அதைக் கழற்ற சோப்பு போட வேண்டியிருந்தது. நாற்காலியோடு வைத்து எடை பார்த்தோம். மூன்று மாதத்தில் 46லிருந்து 42.5. "நல்லாத்தான் சாப்பிடுறாங்க" என்றார்கள் இல்லத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள். மதியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சோற்றைக் குழைத்து ரசத்தில் நாலு வாய் சாப்பிட்டார், பொரியலைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கினார், இடது பக்கம் மட்டுமே மென்றார். பல் செட்டைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்தால், வலது கீழ் ஈறில் மொச்சைக்கொட்டை அளவு புண். தட்டைப் பாதியோடு எடுத்துப் போனவர்களுக்கு அது "சாப்பிட்டாச்சு". பல் டாக்டர் செட்டைத் தேய்த்துச் சரிசெய்தார். ஆச்சிக்கு வெள்ளைப் பணியாரம் கேட்கும் ஆசை பத்தே நாளில் திரும்பியது.

வலியைச் சொல்ல முடியாதவர்களுக்கு முகத்தைப் பாருங்கள், புரட்டும்போது மூச்சு மாறுகிறதா, கையைத் தட்டிவிடுகிறாரா பாருங்கள். "முரண்டு பிடிக்கிறார்" என்று நோட்டில் எழுதப்படும் பலருக்கு எங்கோ வலிக்கிறது.

மனசு தளர்ந்துபோவதும் இதில் வருமா?

வரும். உடம்பில் ஒன்றும் கிடைக்காமல் சாப்பாடும் பேச்சும் குறைந்தால் மனச்சோர்வைப் பார்க்க வேண்டும். அதற்கு 15 கேள்விகள் கொண்ட எளிய படிவம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. கூட இருந்தவர் இறந்த முதல் வருஷமும், பிள்ளையார் நோன்பு மாதிரி எல்லோரும் கூடி இழை எடுத்துக்கொள்ளும் நாட்களும் எங்கள் ஆச்சிகளுக்குக் கனமானவை. அந்த நாட்களை இல்லத்தில் விட்டுவிடாமல் செய்கிறோம். அதுவும் பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 14 நாள் விதி இருக்கிறது என்று மகன் சொல்கிறான். அது என்ன?

அங்கே 1987ல் வந்த மத்திய சட்டத்தின்படி, மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் பெறும் நர்சிங் ஹோம்கள் ஒவ்வொருவரையும் ஒரே மாதிரியான படிவத்தில் மதிப்பிட்டாக வேண்டும். சேர்ந்து 14 நாளுக்குள் முழு மதிப்பீடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுருக்கமானது, வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி முழுசு. இடையில் உடல்நிலையில் பெரிய மாறுதல் என்று முடிவானால், முடிவான நாளிலிருந்து 14 நாளுக்குள் முழு மதிப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும். அது முடிந்து 7 நாளுக்குள் பராமரிப்புத் திட்டம் திருத்தப்பட வேண்டும். நான் மேலே சொன்ன கணக்கு, அதாவது தானே சரியாகாதது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தைத் தொடுவது, திட்டத்தையே மாற்ற வைப்பது, அந்த விதியிலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான். இறுதிக்காலப் பராமரிப்பான ஹாஸ்பிஸில் ஒருவர் சேர்ந்தாலும் அங்கே இந்த மதிப்பீடு கட்டாயம்.

14 நாள் என்பது படிவத்தை முடிக்கத் தந்த கெடு. சிகிச்சை அன்றைக்கே தொடங்க வேண்டும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் அப்படிச் சட்டம் உண்டா?

இறங்கும்போது இத்தனை நாளில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அந்த மாதிரி நாள் குறித்த கட்டாயம் இங்கே இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ல் வந்தது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்பதற்கு அதில் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் உண்டு. ஒருவர் புறக்கணிக்கப்படுகிறார் என்று தோன்றினால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567ல் காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை பேசலாம்.

சட்டம் வரும் வரை ஒப்பந்தம்தான் கையில் இருப்பது. சேர்க்கும்போதே எழுதி வாங்குங்கள்: மாதம் ஒருமுறை எடை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீடு, விழுந்தாலோ ஆஸ்பத்திரி போய்வந்தாலோ உடனே ஒன்று, அதன் நகல் குடும்பத்துக்கு. நல்ல இல்லம் இதற்கு மறுப்புச் சொல்லாது. அட்மிஷன் அன்று கட்டணம், ரூம், ஏசி எல்லாம் கேட்பவர்கள் இதை மட்டும் கேட்காமல் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

மறுமதிப்பீட்டின்போது யார் யார் இருக்க வேண்டும்?

முதலில் சம்பந்தப்பட்டவர். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே நாம் பேசுவது தவறு. மறதி நோய் உள்ளவராக இருந்தாலும் "ஐயா, ராத்திரி எழுந்திருக்கப் பயமா இருக்கா?" என்றால் பதில் சொல்வார். அடுத்து அவரைத் தினமும் குளிப்பாட்டும் பெண். சார்ட்டில் இல்லாததெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்டால்தான் சொல்வாள், கூட்டத்தில் டாக்டர் முன்னால் பேசத் தயங்குவாள். முந்தின நாளே அவளிடம் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்கிறேன். நர்ஸ், டாக்டர், முடிந்தால் பிசியோதெரபிஸ்ட், குடும்பத்தில் ஒருவர்.

குடும்பத்தில் யார் முடிவு சொல்வது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் இருக்கும் பங்காளி ஓடியாடிப் பார்ப்பார், வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் வேறொன்று சொல்வார், மகள் அழுவார். நடுராத்திரியில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது இதைப் பேச முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் பழைய திட்டத்தையே தொடரலாமா?

தொடரக் கூடாது. பத்து நாள் கட்டிலில் கிடந்தவரின் தொடை வற்றியிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டையும் இல்லத்தில் இருக்கும் மாத்திரை டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு தடவை போவதை நான் பல தடவை பிடித்திருக்கிறேன். நிறுத்தச் சொன்னதை இங்கே யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

விழுந்து தலையில் அடிபட்டவரை, அன்று ஸ்கேன் சரியாக இருந்தாலும், சில வாரங்கள் கவனியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம். மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் இரண்டு மூன்று வாரம் கழித்து மந்தமாகவும் தள்ளாட்டமாகவும் வெளியே தெரியும்.

எதற்கெல்லாம் காத்திருக்கவே கூடாது?

முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நம் பக்கத்திலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போவதற்கே அதில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்விடும். 108ஐ அப்போதே கூப்பிடுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், எழுப்பினால் எழாதது, விழுந்தபின் காலை ஊன்ற முடியாதது, கறுப்பாக மலம் போவது, இவற்றுக்கும் அப்படித்தான். மதிப்பீட்டுப் படிவம் பிறகு.

மதிப்பீடு முடிந்ததும் கட்டணத்தைக் கூட்டுகிறார்கள். நியாயமா?

இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டியவருக்கு வேலை கூடுவது உண்மை, அதற்குக் கட்டணம் கூடலாம். ஆனால் எந்த வேலை கூடியது என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்போம் என்று பணம் வாங்கினால், புரட்டிய நேரம் எழுதிய தாள் கட்டில் பக்கத்தில் தொங்க வேண்டும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். வீடியோ காலில் எதைப் பார்ப்பது?

"சாப்பிட்டீங்களா ஆத்தா?" என்றால் "சாப்பிட்டேன்ப்பா" என்றுதான் வரும். நீங்கள் கவலைப்படக் கூடாது என்பது அவர் கவலை. அதனால் கேள்வியை மாற்றுங்கள். இன்று காலை இட்லியா இடியாப்பமா, தொட்டுக்க என்ன என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்தைக் கவனியுங்கள். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், அப்போதுதான் போன வாரத்தோடு ஒப்பிட முடியும். போனை வாங்கிக்கொள்ளும் பிள்ளையிடம், ஆத்தா நாற்காலியிலிருந்து எழுந்து நாலடி நடப்பதைக் காட்டச் சொல்லுங்கள். கழுத்து எலும்பு, நெற்றிப்பொட்டுப் பள்ளம், ரவிக்கை தோளில் தொளதொளப்பது ஆகியவை எடை மெஷினுக்கு முன்னால் சொல்லிவிடும்.

மாதம் ஒருமுறை எடை எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தாலே இங்கே எடை பார்ப்பது தவறாது. இது மனித சுபாவம், எங்களுக்கும் உண்டு.

தேடியும் காரணம் இல்லை, இறுதிக் கட்டம் என்கிறார் டாக்டர். மறுமதிப்பீடு இனி எதற்கு?

இப்போதுதான் அதிகம் தேவை. இதுவரை "எப்படித் தேற்றுவது" என்று கேட்டோம், இனி "எது வலிக்கிறது, எது பிடிக்கிறது" என்று கேட்க வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை, தினம் விரல் குத்திச் சுகர் பார்ப்பது ஆகியவற்றில் எதை விடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். வலி மருந்து, வாயைச் சுத்தமாக ஈரமாக வைப்பது, மூச்சுத் திணறலுக்கு ஆறுதல் ஆகியவை கூட வேண்டும். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021ல் தொடங்கியதிலிருந்து, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீடு தேடி வந்து வலி தணிப்புச் சேவை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மூக்கு வழியாக டியூப் போடலாமா என்று கேட்பார்கள். முற்றிய மறதி நோயில் டியூப் ஆயுளைக் கூட்டுவதில்லை, புரை ஏறி நிமோனியா வருவதையும் தடுப்பதில்லை என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், அவர் விழுங்கிய பிறகு அடுத்த வாய் என்று பொறுமையாக ஊட்டுவதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். இரண்டு ஸ்பூன் கவுனி அரிசிக் கஞ்சிக்கு இருபது நிமிஷம் ஆகும். ஆகட்டும்.

தெளிவாக இருக்கும்போதே தன் விருப்பத்தை எழுதிவைக்கவும் வழி இருக்கிறது. உயிர்காக்கும் கருவிகள் வேண்டுமா, வேண்டாமா என்ற முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018ல் ஏற்றது. 2023ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டால் போதும். சாந்தி கல்யாணத்துக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருக்கும் சமயத்தில் இதைப் பேசிய குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அபசகுனம் என்று முதலில் முகம் சுளித்தவர்கள்தான், இரண்டு வருஷம் கழித்து நிம்மதியாக முடிவெடுத்தார்கள்.

உடல்நிலை தேறினாலும் மறுமதிப்பீடு வேண்டுமா?

வேண்டும். அமெரிக்க விதியிலும் பெரிய மாறுதல் என்பதில் முன்னேற்றமும் சேர்த்தி. இங்கே இதை யாருமே செய்வதில்லை.

காய்ச்சலில் படுத்தபோது ஓர் ஐயாவுக்கு டயபர் போட்டார்கள், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி ஏற்றினார்கள், சாப்பாட்டை அரைத்துக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது. டயபரும் கம்பியும் அரைத்த சாப்பாடும் இரண்டு மாதம் அப்படியே இருந்தன, ஏனென்றால் எடுக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. நான் போய்ப் பார்த்த அன்று கம்பியை இறக்கிவிட்டு, "ஐயா, பாத்ரூமுக்கு நடந்து போவமா?" என்று கேட்டேன். "இத்தன நாளா யாராச்சும் கேப்பாகன்னுதான் இருந்தேன்" என்றார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பதினாறு அடி நடந்தார். நான் பின்னால் நாற்காலியை இழுத்துக்கொண்டே போனேன், அது தேவைப்படவில்லை.